வேலையில்லாத அலகு

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில் அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் மக்காச்சோளக் கதிர் முற்றி நிற்கும். பொழுது விடிந்ததுமே தகரம் தட்டும் சத்தம் எழும். கிளி விரட்டுகிறார்கள். விரட்டிய கூட்டம் கத்திக்கொண்டே ஒரு வட்டம் அடித்துப் பக்கத்துக் கொல்லையில் இறங்கும். அங்கே இன்னொரு தகரம். மானாவாரிச் சோளத்தை நம்பியிருப்பவருக்குப் பச்சைக்கிளி அழகான பறவை அல்ல, களவாணி.

அந்தக் களவைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். கதிரை மூடியிருக்கும் தோகையைக் கிளி கீற்றுக் கீற்றாகக் கிழிக்கிறது. உள்ளிருக்கும் நாரை இழுத்துப் போடுகிறது. ஒரு மணியைப் பெயர்த்து, நாக்கால் உருட்டி, தோலை நீக்கி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விடுகிறது. கதிரில் பாதி தீருமுன் அடுத்த கதிருக்குத் தாவுகிறது. தின்பதைவிடச் சிந்துவதே அதிகம். நடுவில் சண்டை, காவல், கூச்சல். வயிறு நிறைவதற்குள் அலகும் நாக்கும் காலும் கண்ணும் ஒரு முழு வேலை நாளைக் கழித்திருக்கும்.

இதே இனத்துக் கிளி ஒரு வீட்டுத் திண்ணைக் கூண்டில் இருந்தால், காலையில் ஒரு கிண்ணத்தில் நெல்லோ ஊறவைத்த கடலையோ வரும். சற்று நேரத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு இருட்டும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. சில மாதமோ சில வருடமோ கழித்து, “கிளி ரெக்கைய பிச்சிக்குது” என்று வீட்டில் பேச்சு எழும். மார்பில் ஆரம்பிக்கும். பிறகு தொடை, சிறகின் அடிப்புறம். கூண்டின் அடித்தட்டில் பச்சை இறகுகள் கிடக்கும். பறவை, உரித்த கோழி மாதிரி, தலையில் மட்டும் இறகோடு உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தலைதான் முதல் தடயம். அலகு தலைக்கு எட்டாது. உடம்பெல்லாம் மொட்டையாகி, தலை மட்டும் பளபளவென்று இருந்தால் பறவை தானே பிடுங்குகிறது என்று கொள்ளலாம். தலையிலும் இறகு போயிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: உடனிருக்கும் இன்னொரு கிளி பிடுங்கியிருக்கலாம், செள்ளு இருக்கலாம், அல்லது சர்க்கோவைரஸால் வரும் அலகு-இறகு நோயாக இருக்கலாம். வருடந்தோறும் இறகு உதிர்ந்து முளைப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இயல்பான உதிர்வில் தோல் வெளியே தெரியாது. பழையது விழ விழப் புதியது குருத்துவிடும்.

தானே பிடுங்குகிறது என்று உறுதியான பிறகும், உடனே ‘மனசு சரியில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தோலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ இருந்தால் அரிப்பெடுத்துப் பிடுங்கும். கல்லீரல் கெட்டாலும் பிடுங்கும். துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பிக் கூண்டைக் கடித்துக் கடித்து உடம்பில் துத்தநாகம் ஏறிய கிளிகளும் உண்டு. கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, வறண்ட காற்று, இறகில் படியும் புழுதி எல்லாமே தோலை உறுத்தும். சிமென்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்தில் கூண்டைத் தொங்கவிட்டுக் குளிப்பாட்டாமலும் விட்டால் எந்தப் பறவைக்கும் எரிச்சல்தான்.

எல்லாவற்றையும்விடப் பரவலான குற்றவாளி தட்டில் இருக்கிறது. வெறும் தானியம், வெறும் சூரியகாந்தி விதை என்று ஓட்டும் வீடுகளில் கிளிக்கு வைட்டமின் ஏ போதாது. தோல் தடித்துச் செதிலாகும். இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் கிடைக்காவிட்டால் நல்ல இறகு முளைக்காது. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இவையெல்லாம் கிளிக்கு மருந்துக் கடையில் வாங்க வேண்டியவை அல்ல. நம் ஊரில் கிளிக்கு மிளகாய் கொடுப்பது பழைய வழக்கம். அதைக் கொடுமை என்று நினைத்துக் கண்டிக்கிறவர்களும் உண்டு. தேவையில்லை. காரத்தை எரிச்சலாக உணரும் நரம்பு ஏற்பி பறவைகளில் மிளகாய்க்கு அசைவதில்லை. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமிகளும் இருக்கின்றன. பாட்டிகளுக்கு இந்த ஒன்றில் மதிப்பெண் போட்டுவிடலாம். டீயில் நனைத்த பிஸ்கட்டுக்கும் உப்புக் கடலைக்கும் போட முடியாது.

மருத்துவர் பார்த்து, எச்சம் பரிசோதித்து, நோய் ஒன்றுமில்லை என்றான பிறகு மிச்சமிருப்பதுதான் கடினமான பகுதி. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் பார்க்கலாம். மேல் பரிசோதனை வேண்டுமென்றால் தஞ்சாவூரைத் தாண்டி ஒரத்தநாட்டிலும், மேற்கே நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

நோயில்லாத பிடுங்கலைப் பற்றிக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மீஹன், மில்லம், மென்ச் ஆகியோர் செய்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிக் குஞ்சுகள் 16. பாதிக்குச் சாதாரணக் கூண்டு, கிண்ணத்தில் தீனி. மறுபாதிக்கு ஏறி இறங்க, தொங்கக் கிளைகளும் கயிறும். தீனியையோ தோண்டி, பிரித்து, துளை வழியே இழுத்துத்தான் எடுக்க முடியும். 48 வாரம் கவனித்தார்கள். வெறுங்கூண்டுக் கிளிகளின் இறகு நாளாக நாளாகக் கெட்டது. மற்றவை நன்றாக இருந்தன. பிறகு வெறுங்கூண்டுக் கிளிகளுக்கும் அதே வசதிகளைச் செய்து கொடுத்தபோது அவற்றின் இறகு நிலையும் தேறியது. மருந்து எதுவும் இல்லை.

காட்டில் அமேசான் கிளிகள் இரை தேடவே நாளில் 4 முதல் 6 மணி நேரம் செலவழிக்கின்றன. கூண்டில் தீனி உருண்டை போட்டால் சாப்பாடு அரை மணியிலிருந்து ஒன்றேகால் மணிக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தில் அலகு என்ன செய்யும்? கிழிப்பதற்கும் உரிப்பதற்கும் என்றே அமைந்த உறுப்பு அது. எட்டும் தூரத்தில் கிழிக்கக்கூடியதாக இருப்பது சொந்த இறகு ஒன்றுதான்.

அதே டேவிஸில் நடந்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். வழக்கமான சிறு தீனி உருண்டைகள் கிண்ணத்தில் இலவசமாகக் கிடந்தன. அதே பொருளில் செய்த, பல மடங்கு பெரிய உருண்டைகள் எடை கட்டிய மூடிக்குள் இருந்தன. கிளிகள் மூடியைத் தூக்கிப் பெரியதை எடுத்தன. ருசியில் வித்தியாசம் இல்லை. ஆனால் பெரியதைக் காலில் பிடித்து, திருப்பித் திருப்பிக் கடிக்க வேண்டும். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வேலை செய்து சாப்பிடப் பறவை விரும்புகிறது.

2021இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி இதழில் எம்மா மெல்லரும் ஜார்ஜியா மேசனும் மற்றவர்களும் 50 இனங்களைச் சேர்ந்த 1,378 வளர்ப்புக் கிளிகளின் விவரங்களைத் தொகுத்து எழுதினார்கள். இயற்கையில் ஓடு உடைத்து, தோல் உரித்து, சிரமப்பட்டுச் சாப்பிடும் இனங்களே கூண்டில் அதிகமாக இறகு பிடுங்குகின்றன. மூளை பெரிதாக உள்ள இனங்களோ கம்பியைக் கடிப்பது, ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பது போன்ற வேறு பழக்கங்களில் விழுகின்றன. கெட்டிக்காரப் பறவைக்குக் கூண்டு கூடுதல் தண்டனை. சாம்பல் கிளியும் கக்கட்டூவும் இறகு பிடுங்குவதில் பேர்போனவை. நம் பச்சைக்கிளி அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

தனிமையின் கணக்கு வேறு. 2014இல் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், ஜோடியாக வாழும் சாம்பல் கிளிகளைவிடத் தனியாக வைத்த சாம்பல் கிளிகளின் டெலோமியர்கள் குட்டையாக இருந்தன. குரோமோசோம் முனைகளில் இருக்கும் இவை வயதாக ஆகத் தேய்பவை. தனிக் கிளிகளின் செல்கள் தம் வயதை மீறித் தேய்ந்திருந்தன என்று இதற்குப் பொருள். இறகு பிடுங்கும் சாம்பல் கிளிகளின் எச்சத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருந்ததை 2006இல் வேறொரு ஆய்வு காட்டியது. கெட்ட காலத்தில் முளைத்த இறகில் குறுக்கே மெல்லிய கோடு விழும். அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்கெல்லாம் விலை கொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்க வேண்டும் என்று ஒரு வியாபாரம் நகரங்களில் நடக்கிறது. கீழப்பழுவூரில் அது வேடிக்கையாகத்தான் தோன்றும். தோகையோடு ஒரு மக்காச்சோளக் கதிரைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் அரை நாள் போகும். கம்பங்கதிர், கொடுக்காப்புளி, தோடு உடைக்காத நிலக்கடலை, பட்டையோடு வேப்பங்குச்சி, பனை ஓலையில் முடிந்த பொட்டலத்துக்குள் நாலு கடலை, கடித்துக் கிழிக்கத் தேங்காய் மட்டை. கிண்ணத்தை எடுத்துவிட்டு இவற்றில் தீனியை ஒளித்து வைக்க வேண்டும். முதல் நாள் கிளி மிரளும், சில சமயம் பட்டினி கிடக்கும். அதனால் ஒரே அடியாக மாற்றாமல், பாதி கிண்ணம் பாதி பொட்டலம் என்று பழக்குவது நல்லது. எடையைப் பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டும். இளைக்கும் கிளியைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது.

தூக்கம் என்று ஒன்று இருப்பதை நம் வீடுகள் மறந்துவிடுகின்றன. கிளிக்குப் பத்து பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும். கூண்டு கூடத்தில், டிவிக்கு எதிரே. சீரியல் முடிந்து, செய்தி முடிந்து, விளக்கு அணையப் பதினொன்று. வெயில் உள்ள காலையில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்தால் கிளி சிறகை விரித்துக் காட்டும். பிறகு வெகுநேரம் இறகைக் கோதிச் சரிசெய்வதிலேயே ஈடுபடும். அந்தக் கோதல் வேறு, பிடுங்கல் வேறு.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது கத்துவது. இறகைப் பிடுங்கும்போதெல்லாம் “ஏய், சும்மா இரு” என்று ஓடிவந்தால், நாள் முழுக்க யாரும் கவனிக்காத பறவைக்கு, பிடுங்கினால் ஆள் வரும் என்ற பாடம்தான் போய்ச் சேரும். இரண்டாவது எண்ணெய். வேப்பெண்ணெயும் மஞ்சளும் நமக்கு எதற்கும் மருந்துதான்; ஆனால் இறகின் நுண்கொக்கிகள் எண்ணெயில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டால் உடல் சூடு காக்காது, பூசியதெல்லாம் கோதும்போது வயிற்றுக்குள் போகும். மூன்றாவது கழுத்துப்பட்டை. தோலையே கடித்துப் புண்ணாக்கும் பறவைக்கு அது உயிர் காக்கும். மற்றபடி வேலையில்லாத பறவையின் வாயையும் கட்டுகிற காரியம். குளோமிப்ரமின் போன்ற மனநல மருந்துகள் கக்கட்டூக்களிடம் ஓரளவு பலன் தந்ததாக 2004இல் வந்த ஆய்வு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம். கூண்டு மாறாமல் மாத்திரை மட்டும் போதும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இனி, பலர் காதில் போட்டுக்கொள்ள விரும்பாத விஷயம். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2022இல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் அனுமதியில்லாமல் பெரிய பச்சைக்கிளிகள் வளர்த்த ஒரு திரை நடிகருக்கு வனத்துறை இரண்டரை லட்சம் அபராதம் விதித்தது செய்தியானது. சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்கள் என்றால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கீழப்பழுவூரிலிருந்து சற்று தூரத்தில் கரைவெட்டி ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டிவரும் வரித்தலை வாத்தைப் பார்க்கக் குளிர்காலத்தில் கேமராவோடு கார்கள் வரும். தென்னையிலும் பனையிலும் உள்ள பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் கிளியை யாரும் படம் எடுப்பதில்லை, குஞ்சை எடுக்கிறார்கள். தை முதல் பங்குனி வரை அதன் இனப்பெருக்கக் காலம். இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்க்கும்போது, எதை எப்படி உரிப்பது, யாரோடு எப்படிப் பழகுவது என்று தாயும் கூட்டமும் சொல்லித் தர வேண்டிய பாடமெல்லாம் நின்றுபோகிறது. பிற்பாடு வரும் பிடுங்கலுக்கு வித்து அங்கேயே விழுந்துவிடலாம்.

குற்றம் என்று தெரிந்ததும் கதவைத் திறந்து பறக்கவிடுவதும் சரியல்ல. பல வருடம் கூண்டில் இருந்த கிளிக்குப் பறக்கும் தசை வலு இருக்காது, பூனைக்குப் பயப்படத் தெரியாது, இரை தேடத் தெரியாது. மார்பு மொட்டையாக இருந்தால் மழைக் குளிரைத் தாங்காது. அரியலூர் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே வழி. அங்கிருந்து அதைப் பெரிய பறவைக் கூடத்தில் மற்ற கிளிகளோடு விட்டுப் பழக்க முடியும். பிடுங்கிய இறகு, வேர்க்குழி சாகாமல் இருந்தால், சில வாரங்களில் குருத்துவிடும். ஒரே இடத்தில் பல வருடம் பிடுங்கியிருந்தால் அந்தக் குழிகள் தழும்பேறிப்போயிருக்கும். அங்கே இனி முளைக்காது. கத்தரியால் வெட்டிய சிறகின் கதை வேறு. வெட்டுண்ட இறகுக்குத் தான் போய்விட்டது என்று வேர்க்குழிக்குச் சொல்லத் தெரியாது. அந்த அடித்தண்டு தானாக உதிரும் பருவம் வரை, அதாவது ஒரு வருடம்வரைகூட, புதியது முளைக்காது. அதுவரை அந்தக் கிளி பறவைக் கூடத்திலேயே காத்திருக்க வேண்டும்.