எலும்புக்குள் விதைநெல்

வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் சுமார் 10 சதவீதம் ஆண்டுதோறும் கரைந்து புதிதாகிறது. கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல். அமிலம் சுரந்து எலும்பில் குழி பறிக்க அதற்குச் சில வாரங்கள் போதும். குழியை நிரப்பும் ஆஸ்டியோபிளாஸ்டுக்கோ சில மாதங்கள் பிடிக்கும். பறித்த இடத்துக்கே அது எப்படி வந்து சேர்கிறது?

இதில் பெரும்பங்கு ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கு. 70 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். உருவத்தில் இன்சுலினுக்குத் தம்பி. வளர்ச்சி ஹார்மோன் தூண்ட, கல்லீரல் இதை நிறையச் சுரக்கிறது. எலும்புச் செல்களும் தமக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் உள்ளது அத்தனையும் அவிழ்ந்து திரிந்தால் சர்க்கரை அளவு தடாலெனச் சரிந்துவிடும். ஆகவே மிகச் சிறு பங்கே தனியே உலவுகிறது. மற்றதெல்லாம் பிணைப்புப் புரதங்களின் பிடியில்.

இவற்றில் முக்கியமானவை ஆறு. அவற்றுக்கு எண்களே பெயர். ரத்தத்தில் பெரும்பொறுப்பு மூன்றாம் எண்ணுக்கு. தனியே விட்டால் சில நிமிடங்களில் மறையும் ஐ.ஜி.எஃப், இதன் துணையோடு பல மணி நேரம் தங்கும்.

எலும்பில் நான்காம் எண் ஒரு கஞ்சன். ஐ.ஜி.எஃபைச் செல்லின் ஏற்பியை நெருங்கவிடாது. அந்தப் பிடியை அறுக்க பாப்-ஏ என்ற நொதி இருக்கிறது. கஞ்சன் வெறுங்கையோடு இருந்தால் நொதி பெரும்பாலும் சும்மா இருக்கும், கையில் ஐ.ஜி.எஃப் இருந்தால்தான் வெட்டும். சரக்கு செல்லின் வாசலிலேயே இறங்கும்.

ஐந்தாம் எண்ணின் குணம் வேறு. அது எலும்பின் தாதுவில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்டியோபிளாஸ்ட் எலும்பு கட்டும்போதே ஐ.ஜி.எஃபையும் உள்ளே வைத்துப் பூசிவிடுகிறது. அதை அங்கே பிடித்துவைக்க இந்தப் புரதம் உதவுகிறது. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்துவைப்பதுபோல. ஆனால் எலிகளின் எலும்பில் இதை மிகையாகச் சுரக்கவைத்தபோது எலும்பாக்கம் குறைந்தது. காவலும் அளவோடு வேண்டும்.

பின்னொரு நாள் ஆஸ்டியோகிளாஸ்ட் அதே இடத்தைக் கரைக்கும்போது விதை வெளிவருகிறது. கூடவே விடுபடும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி மூலச்செல்களைக் குழிக்கு அழைக்கிறது, ஐ.ஜி.எஃப்-1 அவற்றை ஆஸ்டியோபிளாஸ்ட்டாக முதிரவைக்கிறது. எலிகளில் நடத்திய ஆய்வுகள் இந்த வரிசையைக் காட்டின. பறிக்கிற கையே விதைக்கவும் செய்கிறது.

வயது ஏற ஏற எலும்பில் இந்தச் சேமிப்பு குறைகிறது. குழி பறிப்பது மட்டும் நிற்பதில்லை. முதுமையில் எலும்பு மெலிவதற்கு, குதிர் வற்றியதும் ஒரு காரணம்.