ஒட்டிய விழித்திரையும் மீளும் பார்வையும்

விழித்திரையின் ஒளிவாங்கும் கலங்கள், அதன் பின்னமைந்த குருதிக்குழாய்ப் படையிலிருந்தே பெரும்பாலும் ஊட்டம் பெறுகின்றன. கண்ணாடியுடனீர் சுருங்கி இழுக்குங்கால் விழித்திரை கிழிதலும், அக்கிழிவினூடே நீர் புகுந்து அதனைப் பெயர்த்தலும் உண்டு. பெயர்ந்த கலங்கள் ஊட்டமின்றி நலிவுறும்.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆக்கிய கருவி, உயிருள்ள கண்ணின் உட்புறத்தை மருத்துவர்க்குக் காட்டியது. ஆயினும், கிழிவை அடைப்பதே பரிகாரம் என்பதை 1920களில் நிறுவியவர் சுவிற்சர்லாந்தின் ஜூல் கோனின் ஆவர்.

சத்திரசிகிச்சையால் திரை ஒட்டிய பின்னும் சிலர்க்குப் பார்வை உடனே தெளிவதில்லை. ஏன்? 1991இல் அறிவிக்கப்பட்ட ஓ.சி.ரி. என்னும் படமுறை இதனை விளக்க உதவுகின்றது. எதிரொலிபோலத் திரும்பும் ஒளியை அளந்து, மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு நுண்மையில் விழித்திரையின் படைகளை அது பிரித்துக் காட்டும். ஒட்டியதாகத் தோன்றும் திரையின் கீழ்ச் சிறிது நீர் எஞ்சியிருத்தலையும், சிதைந்த கூம்புக் கலங்களின் நுனிகள் பல மாதங்களில் மெல்ல மீள வளர்தலையும் அதிற் காணலாம். அந்நுனிகளின் வரிசை ஒழுங்குறுந்தோறும் பார்வையும் பெரும்பாலும் தெளிகின்றது.

எனினும், நடுவணமைந்த மஞ்சட்பொட்டுப் பெயர்ந்து நாட்கள் பல கழியின் முழு மீட்சி அரிது. ஆகவே, கண்முன் திடீரென மின்னலோ, புதிய கரும்புள்ளிகளோ, திரைபோன்ற நிழலோ தோன்றின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.