சுரங்கம் மூடிய பிறகும் கேஜிஎஃப் அதிர்ந்தது ஏன்?

பழைய மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில் வீடு திடீரென ஆடினால், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காரணம் தெரியும்: கீழே பாறை வெடிச்சிருக்கு. இது வெடி வைத்து வருவதல்ல. சுரங்கத்தில் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமானது. அங்கே பாறையைக் குடைந்தெடுத்தால், அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறைமேல் ஏறும். தாங்க முடியாதபோது அது சிதறும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு நீர் இறைப்பது நின்று, உள்ளே தண்ணீர் ஏறியது. அதிர்வு மட்டும் நிற்கலை.

ஏன்? விரிசலுக்குள் புகும் நீர் இருபக்கப் பாறையையும் விலக்கித் தள்ளும். நழுவாமல் பிடித்திருக்கும் உராய்வு குறையும். ‘மைசூர் நார்த் ஃபால்ட்’ போன்ற பழைய பிளவுகள் அங்கே உண்டு. பலவீனமான இடம்தானே முதலில் நழுவும்?

பாறையின் அழுத்தத்தை அளக்கவும் இதே தண்ணீர்தான் உதவுகிறது. துளையின் ஒரு பகுதியை இருபுறமும் அடைத்து, பாறை விரியும்வரை நீரைச் செலுத்துவார்கள். பம்பை நிறுத்தியதும் எந்த அழுத்தத்தில் விரிசல் மூடிக்கொள்கிறதோ, அதுவே அங்குள்ள குறைந்தபட்ச பாறை அழுத்தம். எந்தத் திசையில் குடைந்தால் பாறை தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்க இது வேண்டும். ஹைட்ராலிக் ஃப்ராக்சரிங் எனும் இந்த முறையை நீர்மின் திட்டங்களில் பயன்படுத்தும் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம், 1988-ல் தொடங்கியது இதே கேஜிஎஃப்பில்தான்.