ப்ளஸ் 1 கணக்குப் புத்தகம்: பொதுத்தேர்வு இல்லைன்னு விட்டுட்டா என்ன ஆகும்? சிவகாசி வட்டார மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

பத்தாம் வகுப்பில் கணக்கில் 90-க்கு மேல் எடுத்த பிள்ளைகூட ப்ளஸ் 1 போனதும் தடுமாறுவது உண்டு. புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டைப் படித்தால் புரிகிறது. பயிற்சிக் கணக்கைத் தொட்டால் கை நிற்கிறது. ஏன் இப்படி?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கும் பல வீடுகளில் ட்யூஷன் என்பது பெரிய செலவு. பள்ளி விட்டு வந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே வாத்தியார், அரசு இலவசமாகக் கொடுத்த புத்தகம்தான்.

ப்ரீகால்குலஸ்னா என்ன?

கால்குலஸ், அதாவது நுண்கணிதம் படிப்பதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டிய கணக்குதான் ப்ரீகால்குலஸ். அமெரிக்கப் பள்ளிகளில் இது தனிப் பாடமாகவே நடத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் அப்படித் தனிப் பெயர் இல்லை. 2018-ல் வந்த ப்ளஸ் 1 கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதிதான் கிட்டத்தட்ட அது. சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல் என 6 அலகுகள். இரண்டாம் தொகுதியில், அதே ஆண்டிலேயே, நுண்கணிதம் ஆரம்பித்துவிடுகிறது. அதாவது அஸ்திவாரமும் சுவரும் ஒரே வருஷத்தில்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

ஒரு காலத்தில் பல பள்ளிகள் ப்ளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் 2 பாடத்தையே நடத்தின. இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் ப்ளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியான பிறகு, 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு ரத்தானது.

மாணவர்களுக்கு மன அழுத்தம் குறைவது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாததால் பழைய பழக்கம் திரும்பினால் அடி வாங்குவது மாணவர்தான். ப்ளஸ் 2-வில் வரும் நேர்மாறு முக்கோணவியல், வகையிடலின் பயன்பாடுகள் எல்லாமே ப்ளஸ் 1 புத்தகத்தின் மேல்தான் நிற்கின்றன. ஜேஇஇ தேர்விலும் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். தேர்ச்சி விகிதத்துக்குப் பேர் போன மாவட்டம் விருதுநகர். 2023 ப்ளஸ் 2 தேர்வில் 97.85 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம். ஆனால் பாஸ் ஆவது வேறு, இன்ஜினியரிங் கட்-ஆஃப் எடுப்பது வேறு.

எங்கே இடிக்குது?

முதல் இடம், கோணம். பத்தாம் வகுப்பில் கோணம் செங்கோண முக்கோணத்துக்குள் அடங்கியிருக்கும். 90 டிகிரியைத் தாண்டாது. ப்ளஸ் 1-ல் அது தரைச் சக்கரம் மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். 150 டிகிரி, 400 டிகிரி, மைனஸ் 60 டிகிரி எல்லாம் வரும். முக்கோணப் படத்தை விட்டுவிட்டு வட்டப் படத்துக்கு மனசு மாறவில்லை என்றால், சூத்திரங்கள் வெறும் மனப்பாடமாகிவிடும்.

இரண்டாவது, சேர்ப்பியல். 10 வகைப் பட்டாசில் 3 வகையை எடுத்து கிஃப்ட் பாக்ஸ் போட 120 வழி. அதே 10-ல் 3 எடுத்து, எதை முதலில் வெடிப்பது என்று வரிசையும் பார்த்தால் 720 வழி. 'வரிசை முக்கியமா, இல்லையா' என்று கேட்கப் பழகாமல் சூத்திரத்தைத் தேடினால் தப்பாகும்.

மூன்றாவது, சார்பு. இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். ஓர் எண்ணை உள்ளே கொடுத்தால் ஒரே ஒரு விடை வெளியே வரும் விதிதான் சார்பு.

ஒரு வானவெடிக் கணக்கு

குழாயிலிருந்து ஒரு வானவெடி விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் நேர் மேலே கிளம்புகிறது. காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பை 10 என்று எடுத்தால், உயரம் = 40 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். நேரத்தைக் கொடுத்தால் உயரம் கிடைக்கிறது. இதுதான் சார்பு.

உச்சிக்குப் போனதும் வெடிக்க வேண்டும் என்றால், எத்தனை விநாடியில் வெடிக்க வேண்டும்? இதே சார்பை வர்க்கப் பூர்த்தி செய்து எழுதினால், உயரம் = 80 − 5 × (நேரம் − 4)-ன் வர்க்கம். கழிக்கிற பகுதி பூஜ்ஜியம் ஆகும்போதுதான் உயரம் அதிகபட்சம். அதாவது 4-வது விநாடியில் 80 மீட்டர். 3-வது விநாடியிலும் 5-வது விநாடியிலும் உயரம் ஒன்றுதான், 75 மீட்டர்.

நுண்கணிதத்தில் இதே விடை ஒரே வரியில் வரும்: 40 − 10 × நேரம் = 0. ஆனால் அந்த ஒரு வரி எதைச் சொல்கிறது என்பது, மேலே உள்ள படிகளைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் விளங்கும்.

புத்தகத்தை மட்டும் வைச்சு எப்படிப் படிக்கிறது?

* எடுத்துக்காட்டின் விடையை மூடி வைத்துவிட்டு முதலில் நீங்களே போடுங்க. முட்டுகிற இடத்தில் மட்டும் திறந்து பாருங்க.
* ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று ஓரத்தில் எழுதுங்க. புத்தகம் தாண்டிப் போகும் படிகள்தான் பலருக்கும் இடிக்கும்.
* ஒவ்வொரு சார்புக்கும் கையால் வரைபடம் போடுங்க.
* தமிழ்வழி மாணவர்கள் சார்புக்கு ஃபங்ஷன், எல்லைக்கு லிமிட் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் கல்லூரியில் உதவும்.
* புரியாததைத் தேதி போட்டுக் குறித்து, வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் கேளுங்க. புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சி இரண்டும் இலவசம்.

இதனால் என்ன கிடைக்கும்?

தமிழ்நாடு இன்ஜினியரிங் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பீஸ் ரேட் கூலியில் ஓடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் முக்கியத் தீர்ப்பு தந்தது. 2016 சட்டத் திருத்தத்தின்படி 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களையும் வெடிபொருள் தொழிலில் சேர்க்கக் கூடாது. ப்ளஸ் 1 மாணவரின் வயது அதற்குள்தான் வருகிறது. ஆலைக்குள் போகாமல் சட்டம் தடுத்துவிட்டது. கல்லூரிக்குள் போக, அந்த முதல் 6 அலகுகளைப் பென்சிலோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தாக வேண்டும்.