மூக்கில் கட்டி, ரத்தத்தில் உப்புக் குறைவு: ஒரு அரிய புற்றுநோயின் மறைமுக விளையாட்டு

வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று தடுமாறிப் பேசுகிறார், வாந்தி எடுக்கிறார். மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு "உப்பு குறைந்திருக்கிறது" என்கிறார்கள். பெரும்பாலும் ரத்த அழுத்த மாத்திரையோ வயிற்றுப்போக்கோதான் காரணமாக இருக்கும். ஆனால் மிக அரிதாக, காரணம் மூக்கின் உச்சியில் ஒளிந்திருக்கும்.

எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்பது வாசனையை உணரும் நரம்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய். பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 1924-ல் இதை முதன்முதலாக விவரித்தார்கள். கண்களுக்கு நடுவே, மூளைக்குச் சற்றுக் கீழே இது வளர்கிறது. நரம்பும் சுரப்பியும் கலந்த தன்மை கொண்ட செல்கள் என்பதால், இவற்றில் சில தாமாகவே ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன.

முதலாவது வாசோபிரெசின். உடலில் தண்ணீரைத் தேக்கிவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் இது. கட்டி இதை அளவின்றிச் சுரந்தால், தண்ணீர் தேங்கி ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது மிகவும் இறங்கினால் தலைவலி, குழப்பம், வலிப்பு, மயக்கம் வரலாம். இங்கே குறைவது உப்பு அல்ல, மிகுவது தண்ணீர். எனவே சாப்பாட்டில் உப்பைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை நரம்புகள் பாதிக்கப்படும் என்பதால் மருத்துவர்கள் மெதுவாகவே ஏற்றுவார்கள்.

இரண்டாவது ஏ.சி.டி.எச். இது அட்ரினல் சுரப்பியைத் தூண்டி கார்டிசோலைப் பெருக்குகிறது. முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், தசைகள் தளரும், பொட்டாசியம் குறையும், நோய்த்தொற்று எளிதில் பற்றும். இதை வெறும் சர்க்கரை நோய் என்று நினைத்துக் காலம் கடத்தும் அபாயம் உண்டு.

கட்டியை அகற்றியதும் இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் சீராகின்றன. ஆனால் கார்டிசோல் மிகுந்திருந்தவர்களுக்கு, அதுவரை ஓய்ந்திருந்த சொந்தச் சுரப்பி விழித்தெழச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி பல ஆண்டுகள் கழித்தும் குன்றலாம் என்பதால், ஹார்மோன் பரிசோதனை தொடர வேண்டும்.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர் நோன்பு திறக்கும்போது ஒரேயடியாகத் தண்ணீர் குடிப்பதும், ஸ்டீராய்டு எடுப்பவர் பகல் வேளை மாத்திரையைத் தவிர்ப்பதும் ஆபத்தானவை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல. நோன்பு வைக்கலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் ஒவ்வொரு உளூவிலும் மூக்கைச் சுத்தம் செய்கிறோம். ஒரு பக்கம் மட்டும் பல வாரங்களாக அடைத்திருக்கிறதா? அடிக்கடி ரத்தம் வருகிறதா? அத்தர் வாசனை தெரியவில்லையா? பெரும்பாலும் இவை சளியோ சதை வளர்ச்சியோதான், பயப்பட வேண்டாம். ஆனாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காரணம் தெரியாமல் உப்பு திரும்பத் திரும்பக் குறைந்தால், மூக்கில் உள்ள தொந்தரவையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் தந்த இறைவன் நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடிச் செல்வது நம் கடமை. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.