பேரன் கேட்டது “சா வா?”, பதறிப் போனார் பாட்டி!
பொழிச்சலூரில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

விளக்கு வைக்கிற நேரத்தில் “சா வா? சா வா?” என்று பேரன் கத்த, பாட்டி பதறிப்போன சம்பவம் பொழிச்சலூரில் நடந்தது.

“பொழுது சாயற நேரத்துல சாவு கீவுன்னு என்னடா பேச்சு?” என்று பாட்டி போட்ட சத்தம், பக்கத்து வீட்டில் தண்ணீர் லாரி விவகாரம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த நமது நிருபரின் காதிலும் விழுந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேரன் கேட்டரிங் படித்த வாலிபர். மறுநாள் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்கு இன்டர்வியூ. படிப்புக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசினால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சா வா?” என்றால் பிரெஞ்சில் “எல்லாம் சரியா?” என்று அர்த்தம். நாம் “எப்படிப் போகுது?” என்று கேட்பதில்லையா, அதே மாதிரிதான். பதிலும் அதே “சா வா”தான்!

விருந்தாளியிடம் வேறு

ஆனால் இது சிநேகிதர்களுக்குள் பேசுகிற பேச்சு. சாப்பிட வந்தவரிடம் “தூ ஸ பாஸ் பியேன்?” என்று கேட்பது வழக்கம். எல்லாம் நல்லபடி நடக்கிறதா என்று பொருள். சாப்பிட்டு முடித்த பிறகு “சா அ எத்தே?” நன்றாக இருந்ததா என்பது இதன் கருத்து.

நமக்கு நீ, நீங்க மாதிரி அங்கே “து”, “வூ”. விருந்தாளியிடம் “து” போட்டால் மரியாதைக் குறைவு!

புதுச்சேரியில் ஏன்?

புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ந் தேதி. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியும் அந்தக் கால மிச்சம்தான்.

பாரீஸ் நகரிலும் இந்தக் கேள்விக்கும் தமிழருக்கும் சம்பந்தம் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் அங்கே ஓட்டல் சமையல்கட்டில்தான் பிழைப்பைத் தொடங்கினார்கள். மேஜையில் கேட்பது வெள்ளைக்கார சர்வர். உள்ளே பாத்திரம் கழுவியது நம்ம ஆள்!

பாட்டி வைத்த பரீட்சை

விஷயம் புரிந்ததும் பாட்டி சிரித்துவிட்டார். பேரன் காபி போட்டு வந்து, தோளில் துண்டோடு குனிந்து, “சா வூ ப்ளே?” (பிடிச்சிருக்கா?) என்றார்.

“ரொம்ப நல்லாருக்குடா.”

ஆனால் டம்ளரில் பாதி காபி அப்படியே இருந்தது. “என்ன பாட்டி மிச்சம்?” என்று கேட்டார் பேரன்.

“சர்க்கரை போட மறந்துட்டே. மனசு நோகுமேன்னு சொல்லலை.”

வாலிபர் முகம் மாறிவிட்டது. “வாயைப் பார்த்தா போதாது சார், டம்ளரையும் பார்க்கணும்” என்றார் நிருபரிடம்.

எந்த பாஷையில் கேட்டாலும் சாப்பிட வந்தவர் “நல்லாருக்கு” என்றுதான் சொல்வார். மிச்சம் வைத்த தட்டுதான் நிஜத்தைச் சொல்லும்.

விடியற்காலை தாம்பரத்தில் பஸ் ஏற வேண்டும். பாட்டி சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டே கேட்டார்:

“இப்ப சா வாடா?”

“சா வா, பாட்டி!”