கிறிஸ்தோபர் குலேந்திரன் தாமஸ்

கிறிஸ்தோபர் குலேந்திரன் தாமஸ் (பிறப்பு: 1979) ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்தானியக் கருத்துருக் கலைஞர் ஆவார். இலங்கையில் இனவன்முறை வலுத்ததால் இவரது குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. இவர் இலண்டனில் வளர்ந்தார். கலைக்கூடத்தையும் கலைச்சந்தையையுமே தம் படைப்பின் மூலப்பொருளாக்கியவர் என்பதால் இவர் அதிகம் விவாதிக்கப்படுகிறார்.

கருத்துருக் கலையில் கைத்திறனைவிட எண்ணமே முதன்மையானது. மார்செல் டுஷாம்ப் 1917 இல் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலத்தைக் கலைப்பொருளாக முன்வைத்தது இதன் முன்னோடி எனலாம். தாமஸ் விலைக்கு வாங்கியவையோ பிற கலைஞர்களின் படைப்புகள்.

கொழும்புக் கலைக்கூடங்களும் தாமசும்

ஈழப்போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னித் தமிழர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த அதே ஆண்டில், கொழும்பில் முதலாவது கலை ஈராண்டு விழா நடைபெற்றது. சஸ்கியா பெர்னாண்டோ கலைக்கூடமும் தொடங்கப்பட்டது. போருக்குப் பின் வந்த முதலீட்டோடு புதியதொரு கலைச்சந்தை உருவானது.

இச்சந்தையே 'தேய்வழக்குகள் வடிவம் பெறும்போது' என்னும் தொடர்படைப்பின் களம். கொழும்புக் கலைக்கூடங்களில் விற்பனைக்கு வைக்கப்பட்ட சமகால இலங்கைக் கலைஞர்களின் படைப்புகளைத் தாமஸ் வாங்கி, தம்முடைய அமைப்புகளுக்குள் பொருத்தி, மேலைநாட்டுக் காட்சிக்கூடங்களில் வைத்தார். கொழும்பில் 'சமகாலக் கலை' எனப்படுவது இலண்டனிலோ பெர்லினிலோ அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. இந்த இடைவெளியும் அதனால் எழும் விலை வேறுபாடுமே படைப்பின் கருப்பொருள். தலைப்பு, 1969 இல் பெர்ன் நகரில் ஹரால்ட் செமன் நடத்திய 'மனப்பாங்குகள் வடிவம் பெறும்போது' என்ற கண்காட்சியின் பெயரைத் திரித்து அமைந்தது. அக்கண்காட்சிக்குப் பொருளுதவி செய்தது பிலிப் மோரிஸ் என்னும் புகையிலை நிறுவனம் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

கலைக்கூடத்துக்குக் கேட்ட விலை கிடைக்கிறது; ஆனால் ஒருவர் தீட்டிய ஓவியம் மற்றொருவரது படைப்பின் உறுப்பாகிவிடுகிறது. இது சுரண்டல் அன்றோ என்னும் ஐயம் நியாயமானதே. இடைத்தரகர் மறைவாகச் செய்வதைத் தாமஸ் வெளிப்படையாகச் செய்கிறார் என்பதே இதற்குக் கூறத்தக்க விடை, அவ்விடை முழுமையானதன்று.

பிற்காலப் படைப்புகள்

2016 ஆம் ஆண்டின் பெர்லின் ஈராண்டு விழாவில் 'நியூ ஈழம்' காட்சிப்படுத்தப்பட்டது. இது தொழில் நிறுவனம் ஒன்றின் வடிவில் அமைந்த படைப்பு. வீடுகளை உறுப்பினர் கூட்டாக உடைமை கொள்வர். சந்தா செலுத்துவோர் எந்நகரிலும் தங்கலாம். தோற்றுப்போன தனிநாட்டின் பெயரை நிலப்பரப்பற்ற குடியுரிமைக்குச் சூட்டியது பலரையும் திகைக்க வைக்கக்கூடியது.

அன்னிகா குல்மன் என்பவருடன் இணைந்து உருவாக்கிய 'தி பினெஸ்' (2022) என்ற காணொளிப் படைப்பில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட கிம் கர்தாசியனின் உருவம் தோன்றுகிறது. இது பெர்லினிலும் இலண்டன் சமகாலக் கலை நிறுவனத்திலும் காட்டப்பட்டது. 2024 இல் பிரசெல்சின் வீல்ஸ் காட்சிக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சிக்கு அவர் இட்ட பெயர் 'பாதுகாப்பு வலயம்'. முள்ளிவாய்க்காலில் மக்களைச் சென்று தங்குமாறு அரசு அறிவித்த பகுதிக்கும் அதுவே பெயர்.